செங்கமலம் மூடியை வென்ற படலம்

கரண்டி ஏந்திய கையினள், முந்தானை இழுத்துச் செருகிய இடையினள், வீட்டின் ஒரே அடுப்பாம் பம்ப் ஸ்டவ்வை அடித்து நீலச்சுடர் கக்கவைக்கும் தோளினள், ரெட்டிபாளையத்துச் சிமெண்டு ஆலைக் குடியிருப்பின் கடைசி வீட்டுத் தலைவி, அங்கமுத்துவின் இல்லாள் செங்கமலம் வாழி! அவள் பொருட்டுப் பூண்டு நசுங்குக, எண்ணெய் புகைக, பீன்ஸ் மொறுமொறுக்குக!

1983ஆம் ஆண்டு, திருச்சிக்கு மிக்ஸி வாங்கப் போய் விலை கேட்டுத் திரும்பிய நன்னாளில், ஓர் ஓட்டலில் அவள் பூண்டு பீன்ஸ் உண்டாள். பீன்ஸ் என்றால் வெந்து துவண்டு தேங்காய்ப்பூவின் கீழ் உயிர்விட்டுக் கிடப்பது என்றே நம்பியிருந்த பேதைக்கு, பல்லிடைப் படும்போதே முறியும் பீன்ஸ் கண்ணில் நீர் வரவழைத்தது. சர்வரிடம் ரகசியம் கேட்டாள். “தண்ணி படக்கூடாது, மூடி போடக்கூடாதும்மா. மூடுனா வேர்த்துத் துவண்டுரும்” என்று அந்த வெள்ளுடை முனிவர் உபதேசித்தருளினார்.

ஆனால் ரெட்டிபாளையத்தில் மூடாத பாத்திரம் ஏது! ஆலைப் பக்கமிருந்து காற்றடித்தால் குடத்து நீரும் தொட்டில் குழந்தையும் அரைமணியில் சிமெண்டுத் திருநீறு பூசிக்கொள்ளும் ஊர் அது. மணம் முடித்து வந்த ஒன்பது ஆண்டுகளில் செங்கமலத்தின் கையும் கண்டதையெல்லாம் தன்னையறியாமல் மூடப் பழகியிருந்தது.

இதற்கிடையில் தா.பழூரிலிருந்து வந்து, பதினோரு நாளாகத் தங்கி, புளி முதல் பெருங்காயம் வரை திருத்தியருளும் நாத்தனார் பாப்பாத்தி, மூடாமலே பீன்ஸ் வதக்கப்போவதாகச் செங்கமலம் சொன்னதும் சபதம் உரைத்தாள்.

“மூடாம வேகுமா? இன்னிக்கி என் தம்பி கடிக்கறப்ப மொறுக்குன்னு கேட்டுச்சுன்னா, இனி உன் அடுப்படிக்குள்ள நான் காலு வைக்கமாட்டேன்!”

தன் அடுப்படி தனக்கே! அந்த ஒரு வரத்துக்காகச் செங்கமலம் மலையைக்கூட வதக்கியிருப்பாள். அரியலூர்ச் சந்தையில் வாங்கிய அரைக்கிலோ பீன்ஸை அலசி, ஒவ்வொன்றாய்ப் பழைய வேட்டியில் துடைத்து, அரிசியைக் களைந்து மூலையில் வைத்து, களம் புகுந்தாள்.

எண்ணெய் புகைந்தது. இரும்புச் சட்டியில் பீன்ஸ் விழுந்ததும் எழுந்த சடசட ஓசையில் அண்டை வீட்டுக் கோழிகள் கூடையடியில் ஒடுங்கின. அக்கணம் வலக்கையில் அலுமினிய மூடியும் இடக்கையில் தண்ணீர்ச் சொம்புமாய்ப் பாப்பாத்தி படையெடுத்தாள். மூடியின் முதல் வீச்சைக் கரண்டி தடுத்தது, டணார்! இரண்டாவதை முழங்கை தள்ளியது. மூன்றாவதில் மூடி பாதிச் சட்டியை மறைத்தேவிட்டது. கண்ணிமைப்பதற்குள் அதைப் பிடுங்கி ஜன்னலோரம் எறிந்தாள் வீராங்கனை.

“அண்ணி! சொம்பக் கீழ வச்சுருங்க! இல்லாட்டி சட்டியத் தூக்கிட்டுத் தெருவுல போயி வதக்குவேன்!”

தெருவில் என்றதும் பாப்பாத்தி நடுங்கினாள். குடும்ப மானம் பெரிதல்லவா! சொம்பு இறங்கியது. பூண்டு பொன்னிறமாய்ச் சிவந்து குடியிருப்பெங்கும் மணம் பரப்ப, தோல் சுருங்கிக் கரும்புள்ளி பூத்த பீன்ஸுக்குக் கடைசியில் உப்பிட்டு, ஒன்றை எடுத்து முறித்தாள் செங்கமலம். டக்!

அதே நொடியில் ஆலையின் இரண்டு மணிச் சங்கு, அவளுக்கென்றே போல் முழங்கிற்று. பாப்பாத்தி தன் தகரப்பெட்டியைப் பார்த்தாள். செங்கமலம் ஆனந்தமாய்ப் பீன்ஸைக் கிண்ணத்தில் குவித்தாள். இமையெல்லாம் சிமெண்டு படிந்த நடுவர் அங்கமுத்து வந்தார், கைகழுவினார், தட்டின் முன் அமர்ந்தார். பீன்ஸ் அவர்முன் நீட்டப்பட்டது.

“வெறும் கறிய யாரு திம்பா? மொதல்ல சோத்தப் போடு.”

இரு பெண்டிரும் ஒருசேர மூலையைப் பார்த்தார்கள். களைந்த அரிசி களைந்தபடியே கிடந்தது. ஆலைப் பக்கமிருந்து காற்றும் அடிக்கத் தொடங்கியது.

உலையை ஏற்றிவிட்டு, சோறு ஆகும்வரை தூசி விழாமலிருக்க, செங்கமலம் பீன்ஸை மூடி வைத்தாள்.