வெறும் வாத்து

விளையாடுகிறவர்களை உங்களுக்குத் தெரியும். விளையாடுவதை வேடிக்கை பார்க்கிறவர்களையும் தெரியும். இந்த இரண்டிலும் சேராத மூன்றாவது இனம் ஒன்று நம் காலத்தில் பெருகியிருக்கிறது. இந்த இனத்தார் ஏதாவது ஒரு கணினி விளையாட்டின்மேல் உயிரையே வைத்திருப்பார்கள். ஆனால் அதை விளையாட மட்டும் அவர்களுக்கு நேரம் இருக்காது. ஏன் என்று கேட்கிறீர்களா? அதைப் பற்றிப் பேசவே பொழுது போதவில்லை.

இவர்களைக் கண்டுபிடிப்பது சுலபம். சாப்பிட உட்கார்ந்தால் தட்டுக்கு ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் கைப்பேசி. வாய்க்குப் போய்க்கொண்டிருந்த கை பாதி வழியில் நிற்கும், உதடு மெல்ல அசையும், "இவனுக்கு என்ன தெரியும்" என்று ஒரு முனகல் வரும், அப்புறம் சாப்பாடு ஆறிப்போகும். ரசிகர் குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒரு அப்பாவி ஏதாவது சந்தேகம் கேட்டால், "இதைப் பற்றி ஏற்கெனவே பேசியாகிவிட்டது, பழைய பதிவுகளைப் பார்க்கவும்" என்பார்கள். அந்த அப்பாவி போய்ப் பார்க்க விடுவார்களா? மாட்டார்கள். தாங்களே ஆதியோடந்தமாக விளக்கிவிட்டுத்தான் ஓய்வார்கள். விளையாட்டைத் தயாரித்த நிறுவனத்தை 'அவங்க' என்றுதான் சொல்வார்கள், சம்பந்தி வீட்டாரைச் சொல்கிற அதே குரலில். "முன்ன மாதிரி இல்ல, அவங்க கெடுத்துட்டாங்க." முன்பு இருந்தபோது என்ன சொன்னார்கள்? அப்போதும் இதையேதான்.

உதாரணத்துக்கு நான் வெகுதூரம் போக வேண்டியதில்லை. என் தங்கை வீட்டுக்குப் போனால் போதும். அவள் கணவர் இந்த இனத்தின் முதல் தரமான மாதிரி.

மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக். தொழிலில் கெட்டிக்காரர். எந்தக் கட்டடத்து லிஃப்ட் எந்த மாடியில் முரண்டு பிடிக்கும் என்பது அவருக்கு அத்துப்படி. வீட்டில் சாது. குப்பையை வெளியே வைப்பது முதல் துணி காயப்போடுவது வரை சொன்ன வேலையைச் சொன்னபடி செய்வார். ஆனால் ரசிகர் குழுவில் அவர் பெயர் 'புயல் தளபதி'. அங்கே அவர் எழுதுவதைப் படித்தால், ஒரு கப்பற்படையே அவர் கண்ணசைவுக்காகக் காத்திருக்கிறது என்று நினைப்பீர்கள்.

அந்த விளையாட்டுக்குப் பெயர் 'மூடுபனித் துறை'. எப்போதும் பனி மூடிய ஒரு துறைமுகம். நீங்கள் ஒரு கப்பலை ஓட்ட வேண்டும், சரக்கேற்றித் தீவுகளுக்குப் போக வேண்டும், புயலில் மூழ்காமல் திரும்ப வேண்டும். அவ்வளவுதான். அந்தத் துறைமுகத்தின் மேடை நுனியில் ஒரு வாத்து நிற்கும். நடக்காது, நீந்தாது, எதையும் தின்னாது. தனக்குத் தோன்றினால் ஒரே ஒரு முறை கத்தும். அப்புறம் மறுபடியும் நிற்கும்.

இந்த வாத்துதான் மாப்பிள்ளையின் வாழ்க்கை. அது கத்தினால் புயல் வரும், அது பார்க்கிற திசையிலிருந்து வரும் என்பது அவருடைய ஆராய்ச்சி முடிவு. யாரோ எடுத்த படங்களில் இவர் அம்புக்குறி வரைவார், கோணம் அளப்பார், பக்கம் பக்கமாக எழுதுவார். குழுவில் பாதிப் பேர் தலையாட்டினார்கள். மீதிப் பேர் சும்மா இருந்தார்கள். ஒரே ஒருவர் மட்டும் விடவில்லை. 'ஓட்டை வாளி' என்ற பெயரில் எழுதுகிற அந்த ஆசாமி ஒவ்வொரு தடவையும் மூன்றே சொற்களில் ஆரம்பிப்பார்: "அது வெறும் வாத்து." பிறகு குறுக்கு விசாரணை நடக்கும். "வாத்து கத்தியும் புயல் வராத நாட்களைப் பற்றித் தளபதி ஏன் வாய் திறப்பதில்லை? அந்தப் படத்தில் வாத்து கிழக்கே பார்க்கிறது, புயல் தெற்கிலிருந்து வருகிறது. வாத்துக்கு மாறுகண் என்பது தளபதியின் வாதமா?"

"காலேஜ் பையன் மச்சான்," என்பார் மாப்பிள்ளை என்னிடம். "வாய்க்கொழுப்பப் பாத்தாலே தெரியுது." அதனால் எல்லாப் பதிலையும் 'தம்பி' என்றுதான் தொடங்குவார். 'தம்பி, உனக்கு இன்னும் அனுபவம் போதாது.' 'தம்பி, முதலில் மீசை முளைக்கட்டும்.' இந்தச் சண்டை வருஷக்கணக்கில் நடந்தது. ஒருமுறை ஒரு பல் மருத்துவர் லிஃப்டில் இரண்டு மாடிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டார். மாப்பிள்ளை போய்ப் பழுது பார்த்துக்கொண்டே, உள்ளே இருப்பவர் பயப்படக் கூடாதே என்று கதவிடுக்கு வழியாகப் பேச்சுக் கொடுத்தாராம். எதைப் பற்றி என்று சொல்ல வேண்டுமா?

"சார், நீங்களே சொல்லுங்க, ஒரு வாத்து சும்மா கத்துமா?"

 உள்ளேயிருந்து, "நீங்க என்ன சொன்னாலும் சரிங்க, கதவத் திறங்க" என்று பதில் வந்ததாம். மருத்துவரே தன் பக்கம் என்று அன்றைக்கே குழுவில் எழுதிவிட்டார்.

இப்படி இருக்கையில் நிறுவனத்திலிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. அடுத்த அப்டேட்டில் பயன்பாடில்லாத சில பொருட்கள் நீக்கப்படும். உடைந்த பீப்பாய், துருப்பிடித்த நங்கூரம், ஒரு பறவை.

ஒரு பறவை. வாத்து என்றுகூடச் சொல்லவில்லை.

மாப்பிள்ளை இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் எழுந்தார். 'வாத்தைக் காப்போம்' என்று இயக்கம் தொடங்கினார். நிறுவனத்துக்கு ஒரு மனு எழுதினார். அதில் வாத்தின் பெருமை, வாத்தின் வரலாறு, வாத்தில்லாத துறைமுகத்தின் பாழ்நிலை எல்லாம் இருந்தன. படித்தவர்களுக்குக் கண் கலங்கியது என்று குழுவில் சொன்னார்கள். என் தங்கை மட்டும், "நம்ம வீட்டுக் குழாய் ஒழுகுதே, அதுக்கு எப்ப போராட்டம்?" என்று கேட்டாள்.

மனுவை எல்லாரும் ஆதரித்தார்கள். முன்பு தலையாட்டியவர்களும் ஆதரித்தார்கள், சும்மா இருந்தவர்களும் ஆதரித்தார்கள். இதைவிட என்ன வெற்றி வேண்டும்? ஆனால் அந்த வாரம் நான் போனபோது மாப்பிள்ளை சோபாவில் சுருண்டு கிடந்தார்.

"என்ன மாப்ள, உடம்புக்கு முடியலையா?"

"எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க மச்சான்."

"நல்லதுதானே."

"வாளி ஒண்ணுமே சொல்லல."

அதுதான் விஷயம். ஓட்டை வாளியைக் காணோம். இத்தனை பெரிய மனு, உள்ளே எத்தனை ஓட்டை, ஒரு வார்த்தை வரவில்லை. மாப்பிள்ளை தூண்டில் போட்டுப் பார்த்தார். வேண்டுமென்றே தப்பாக, அந்த வாத்து முட்டையிட்டதைத் தான் பார்த்ததாக எழுதினார். பல பேர் திருத்த வந்தார்கள். யாருடைய திருத்தத்திலும் ருசி இல்லை. "இவங்களுக்கு மறுக்கவே தெரியல மச்சான்," என்றார், வீட்டுச் சமையலை விட்டு ஹோட்டலில் சாப்பிடுகிறவர் மாதிரி.

கடைசியில், வாளிக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்புவது என்று முடிவாயிற்று. மாப்பிள்ளை எழுதியது இது: 'தோல்வியை ஒப்புக்கொண்டுவிட்டதாக எடுத்துக்கொள்ளலாமா?' என் தங்கை கைப்பேசியைப் பிடுங்கி அதை அழித்தாள். "மனுஷங்க மாதிரி எழுதுங்க" என்று சொல்லிவிட்டுத் தானே எழுதினாள்: 'ரொம்ப நாளா காணோமே. நல்லா இருக்கீங்களா?'

மறுநாள் பதில், குரல் பதிவாக வந்தது. மூன்று பேரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து கேட்டோம்.

"தளபதி, நான்தான் வாளி பேசறேன்."

அது ஒரு பெண்ணின் குரல். மாப்பிள்ளையைவிடப் பத்துப் பன்னிரண்டு வயதாவது கூட இருக்கும். நிதானமான, கொஞ்சம் களைத்த குரல்.

"கண்ணுல ஆபரேஷன். விழித்திரை விலகிடுச்சாம். ஒரு கண்ணு ஏற்கெனவே எனக்குச் சரியில்ல, இது இருந்த நல்ல கண்ணு. குப்புறப் படுத்தே கெடக்கணும், எதையும் படிக்கக் கூடாது. பார்வை எவ்வளவு திரும்பும்னு டாக்டர் உறுதியாச் சொல்ல மாட்டேங்கறார். கோர்ட்டுல டைப்பிஸ்ட் வேலை எனக்கு. அடுத்தவங்க வாதத்தையே அடிச்சு அடிச்சு வெறுத்துப் போய்த்தான் உங்ககிட்ட சொந்தமா வாதாட வந்தேன். அக்கா பொண்ணு உங்க மனுவப் படிச்சுக் காட்டினா. மூணாவது பத்தியில ஒரு தப்பு இருக்கு, எழுந்ததும் சொல்றேன்." பதிவு அதோடு முடியவில்லை. "வாத்த எடுத்துடறாங்களாமே. அதுக்குள்ள எனக்குக் கட்டு அவுக்க மாட்டாங்க."

மாப்பிள்ளை என் பக்கம் திரும்பினார். "மச்சான், இவங்களுக்குப் போயி மீசை முளைக்கட்டும்னு எழுதியிருக்கேன்," என்றார். என் தங்கை சிரித்த சிரிப்பில் நாற்காலியைப் பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. சிரித்து முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாவம், அவங்களுக்கு ஏதாவது செய்யுங்க" என்றாள்.

அப்டேட்டுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பகலில் அவர் செய்தார். வாளியைத் தொலைபேசியில் அழைத்து, ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தார். தான் விளையாட்டைத் திறந்து, வாத்து நிற்கிற இடத்துக்குப் போய், பார்ப்பதையெல்லாம் சொல்வதாகத் திட்டம். முதலில் கடவுச்சொல் மறந்து போயிருந்தது. அது கிடைத்ததும் கப்பலை வெளித் தீவிலிருந்து துறைமுகத்துக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. கிளம்பிய கொஞ்ச நேரத்தில் புயல் தளபதி ஒரு பாறையில் மோதினார். காற்றுகூட அடிக்கவில்லை.

"அது என்ன சத்தம்?" என்றது தொலைபேசி.

"ஒண்ணுமில்லைங்க. கப்பல் லேசா சாஞ்சிருக்கு."

"தளபதி, நீங்க கடைசியா எப்ப விளையாடினீங்க?"

மாப்பிள்ளை இருமினார். என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"உண்மையச் சொல்லுங்க."

"போன வருஷம். அதுக்கு முந்தின வருஷமாவும் இருக்கலாம்."

மறுமுனையில் சிரிப்பு வெடித்தது. "சித்தி, குலுங்காதீங்க, டாக்டர் திட்டுவார்" என்று ஒரு பெண் அதட்டுவது கேட்டது. மூச்சு வாங்கிக்கொண்டு வாளி சொன்னார்: "நான் மட்டும் என்ன? கடைசியா எப்ப கப்பல் ஓட்டினேன்னு எனக்கே ஞாபகம் இல்ல. உங்களுக்குப் பதில் எழுதவே நேரம் சரியாப் போயிடுது."

வேறொரு கப்பலில் தொற்றிக்கொண்டு ஒருவழியாக மாப்பிள்ளை துறைமுகம் போய்ச் சேர்ந்தார். அங்கே மேடை நிறையக் கூட்டம். குழுவில் இருக்கிறவர்கள் எல்லாரும் வந்து, ஒன்றும் செய்யாமல் வாத்தைச் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள். பக்கம் பக்கமாக எழுதுகிற மனிதர் அன்றைக்கு ஒன்றிரண்டு வார்த்தைகளில் பேசினார்.

"நிறையப் பேர் வந்திருக்காங்க. யாரும் எதுவும் பேசல."

"அது என்ன பண்ணுது?"

"நிக்குது."

"எந்தப் பக்கம் பாத்து?"

"கடலப் பாத்து."

"புயல் வருமா?"

மாப்பிள்ளை திரையைப் பார்த்தார். அவருடைய ஆராய்ச்சிப்படி இதற்கு ஒரு பதில் உண்டு. அதற்கு அம்புக்குறியும் கோணமும் உண்டு.

"தெரியலைங்கக்கா," என்றார்.

இந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எல்லாரும் காத்திருந்தோம். வாத்து ஒரே ஒரு முறை கத்தியது.

"கேட்டுச்சாக்கா?"

"கேட்டுச்சு." கொஞ்சம் பொறுத்து அடுத்த கேள்வி வந்தது. "வானம் எப்படி இருக்கு?"

"தெளிவா இருக்கு. புயல் எதுவும் இல்ல."

"நான்தான் சொன்னேனே. வெறும் வாத்து." பிறகு வாளி இன்னொன்றும் சொன்னார். "அக்கான்னெல்லாம் கூப்பிடாதீங்க தளபதி. தம்பின்னே கூப்பிடுங்க. பழகிப்போச்சு."

மனுவுக்கு நிறுவனம் பதில் போடவில்லை. வாத்து போயிற்று. குழுவில் துக்கம் அனுசரித்தார்கள். அதன் பிறகு தினமும் வேலை முடிந்து வந்ததும், மாப்பிள்ளை வாளியை அழைத்துக் குழுவில் அன்று வந்ததையெல்லாம் வாசித்துக் காட்டினார். நடுநடுவே என் தங்கையும் பேசுவாள். இப்போது மாப்பிள்ளையைவிட அவளுக்குத்தான் வாளி நெருக்கம். குழாய் விஷயத்தில் வாளி என் தங்கை பக்கம் தீர்ப்புச் சொல்லி, அது சரி செய்யப்பட்டும் விட்டது.

கட்டு அவிழ்த்த அன்று வாளியின் அக்கா மகள்தான் அழைத்தாள். முழுதாக இல்லை, ஆனால் வேலைக்குப் போகிற அளவுக்குப் பார்வை திரும்பியிருக்கிறது என்றாள். மாப்பிள்ளை "சரிம்மா, சரிம்மா" என்று மட்டும் சொன்னார். போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பால்கனியில் போய் நின்றார்.

சில நாள் கழித்து, வாத்து நின்ற பலகையில் அதன் நிழல் மட்டும் இன்னும் தெரிவதாகக் குழுவில் ஒரு கட்டுரை எழுதினார். சற்று நேரத்தில் பதில் வந்தது. 'நிழல் எதுவும் இல்லை. என் கண்ணை இப்போதுதான் பழுது பார்த்திருக்கிறார்கள். தளபதியும் தன் கண்ணை ஒருமுறை காட்டிக்கொள்வது நல்லது. மேலும், மனுவின் மூன்றாவது பத்தியில்...' என்று நீண்டுகொண்டே போயிற்று.

"பாத்தீங்களா மச்சான், என்ன திமிரு," என்று என்னிடம் கொண்டுவந்து காட்டினார். முகமெல்லாம் பல். பதிலை ஏற்கெனவே தொடங்கியிருந்தார். 'தம்பி' என்றுதான்.

இதையெல்லாம் படித்துவிட்டு, இப்படியும் மனிதர்கள் இருக்கிறார்களே என்று நீங்கள் சிரித்திருப்பீர்கள். உங்களுக்குக் கணினி விளையாட்டு எதுவும் தெரியாது, அந்த வம்பே உங்களுக்குக் கிடையாது. நல்லது, நம்புகிறேன். ஒரே ஒரு சந்தேகம். உங்கள் குடியிருப்பு வாட்ஸப் குழுவில், வண்டி நிறுத்துகிற இடத்தைப் பற்றி மாடிவீட்டுக்காரரோடு மாதக்கணக்கில் மல்லுக்கு நிற்கிறீர்களே, உங்களிடம் வண்டி இருக்கிறதா?