ஒப்பாரிக்கு முன் எடுத்த அளவு

நான் செத்த பிறகு என் மனைவி என்னைப் பற்றி என்ன பாடுவாள் என்பதைச் சாவதற்கு முன்பே கேட்டுவிடுவது என்று சென்ற மாதம் ஒரு தீர்மானம் எடுத்தேன். அறுபத்தெட்டு வயதில் ஒருவன் எடுக்கக்கூடிய தீர்மானங்களில் இது அப்படியொன்றும் மோசமானதில்லை. செத்த பிறகு கேட்பதற்கு வசதிப்படாது.

என் மனைவி ஐசல்கின், அத்பாஷி வட்டாரத்தில் பெயர் பெற்ற ஒப்பாரிக்காரி. எங்கள் மலைநாட்டில் கணவனை இழந்தவள் துக்கக் கூடாரத்தில், வந்திருக்கும் ஆண்களுக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து பாட வேண்டும். எல்லாப் பெண்களுக்கும் பாட்டுக் கட்ட வராது. வராதவர்கள் எங்கள் வீட்டுக்கு வருவார்கள். கணவனின் குணங்களைச் சொல்வார்கள். அவனிடம் குணம் எதுவும் தேறாவிட்டால் அவனுடைய குதிரையின் குணங்களைச் சொல்வார்கள். மிச்சத்தை இவள் பார்த்துக்கொள்வாள்.

அந்தப் பாட்டுகள் மனித உடம்பை என்ன செய்கின்றன என்பதை நான் தொழில்முறையில் கவனித்திருக்கிறேன். நாரின் நகரத்துச் செவிலியர் பள்ளியில் முப்பத்தோரு ஆண்டுகள் உடலியல் கற்பித்தவன் நான். முதல் இரண்டு வரிகளில் முன்கை மயிர் சிலிர்க்கும். மூன்றாவது வரியில், கூட்டத்திலுள்ள எல்லோருடைய மூச்சும் பாடுகிறவளின் மூச்சோடு சேர்ந்துகொள்ளும். நான்காவதில், ஆட்டை அறுக்கும்போதும் சீட்டியடிக்கும் எங்கள் ஊர்க் கசாப்புக்காரர் தொப்பியால் முகத்தை மூடிக்கொள்வார். பசித்தவன் ரொட்டியைக் கண்டதும் மூளையின் எந்தப் பகுதி விழித்துக்கொள்கிறதோ, அதே பகுதியை ஓர் இசை வரியும் எழுப்பிவிடும் என்று வகுப்பில் கரும்பலகை நிறைய எழுதிக் காட்டியிருக்கிறேன். மாணவிகள் கொட்டாவி விட்டார்கள். அதுவும் உடலியல்தான்.

மகள் தலைநகர் பிஷ்கேக்கில் இருக்கிறாள். மகன் மாஸ்கோவில். நான்கு அறைகள் கொண்ட வீட்டில் நாங்கள் இரண்டு பேர். ஊரிலுள்ள பிணங்களோடெல்லாம் அத்தனை அன்பாகப் பேசுகிற ஐசல்கின், என்னோடு ஒரு நாளைக்குப் பேசும் சொற்களை எண்ணிப் பார்த்தேன். பதினேழு. அவற்றில் ஆறு, கதவைச் சாத்தச் சொல்வதற்குச் செலவாயின. நான் அவளோடு பேசுபவற்றை எண்ணவில்லை; எண்ணுகிற அளவுக்கு இருக்கவில்லை.

முன்பு இப்படியில்லை. இரண்டு ஆண்டுகளாக ஒரே வாக்கியத்தை நாள்தோறும் சொல்லிவந்தாள்: "நாரின் ஆஸ்பத்திரிக்குப் போயி ஒரு தடவை உடம்பைக் காட்டிட்டு வாங்க." நானே பாதி மருத்துவன், எனக்கு எதற்கு இன்னொரு பாதி என்று நாள்தோறும் பதில் சொல்லிவந்தேன். கோடை முடிந்தபோது அவள் அதைக் கேட்பதை நிறுத்திவிட்டாள். வென்றுவிட்டோம் என்று நினைத்தேன். வென்ற வீடு இவ்வளவு அமைதியாக இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

பிறகுதான் அந்தப் பாட்டு வந்தது. ஒரு மாலை மாட்டுக்கொட்டகைப் பக்கம் போனேன். உள்ளே அவள் மெல்லப் பாடிக்கொண்டிருந்தாள்.

பனி இறங்கும் முன்னாலே
பாதை பார்த்து நின்றவரே,
ஈரச் செருப்பை அடுப்போரம்
எடுத்து வைத்த என் துணையே...

கணவனுக்கான ஒப்பாரி. யாருடைய கணவன்? எங்கள் பெண்கள் கணவன் பெயரைச் சொல்வதில்லை, அவன் உயிரோடிருந்தாலும் செத்தாலும். ஆகவே பாட்டில் பெயர் வராது. ஆனால் அவளுடைய ஈரமான தோல்செருப்பை அடுப்போரம் நாற்பத்தொரு ஆண்டுகளாக எடுத்து வைப்பவன் நான்.

மறுநாளும் போனேன். அதற்கு மறுநாளும் போனேன். மூன்று வாரங்கள், பால் கறக்கும் வேளையில், கொட்டகைச் சுவரில் காதை வைத்து நின்றேன். பாட்டைத் தவிர வேறோர் ஓசையும் உள்ளிருந்து வரவில்லை. ஒரு குரலை இவ்வளவு தூய்மையாக நான் கேட்டதேயில்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் அந்த நான்கு வரிகளோடு நிறுத்திக்கொள்வாள்.

ஒருநாள் பக்கத்து வீட்டுப் பெர்மெத், மூடி போட்ட தூக்குவாளியோடு எங்கள் வாசலுக்கு வந்தவள், என்னைப் பார்த்துவிட்டாள்.

"என்ன வாத்தியாரய்யா, சுவருக்கு முட்டுக் கொடுத்துட்டு நிக்கிறீங்க?"

"காத்து வாங்குறேன்."

"மூக்கால வாங்குவாங்க. நீங்க காதால வாங்குறீங்க."

அவள்தான் தன் கணவனுக்காக முன்கூட்டியே பாட்டுக் கேட்டிருப்பாளோ என்று ஐயம் வந்தது. நோயாளிகளின் மனைவியர் அப்படிக் கேட்பதுண்டு.

"உன் வீட்டுக்காரர் தெமிருக்கு உடம்பு எப்படியிருக்கு?"

"அவருக்கென்ன, கல்லு. இப்பதான் முழு ஆட்டுத்தலையைத் தின்னுட்டு, மிச்சம் இருக்கான்னு கேக்குறாரு. ஏன் கேக்குறீங்க?"

"சும்மா."

"சும்மா கேக்குற ஆளா நீங்க? பத்து வருஷத்துல இதுதான் முதல் தடவை," என்று சொல்லி உள்ளே போனாள்.

எனவே பாட்டு என்னுடையது. மீதியைக் கேட்டே ஆக வேண்டும். நேரடியாகக் கேட்க முடியாது. உயிரோடிருப்பவனுக்கு ஒப்பாரி பாடுவது கெட்ட சகுனம், தவிரவும் வெட்கம். ஆராய்ச்சி என்ற பெயரில் கேட்கலாம். ஆராய்ச்சிக்குச் சகுனமும் கிடையாது, வெட்கமும் கிடையாது.

இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி ஒன்றை மகள் அனுப்பியிருந்தாள். கையில் பட்டையைச் சுற்றி விசையை அழுத்தினால் போதும், பெரிய எழுத்தில் எண் தெரியும். அதைப் பெட்டி பிரிக்காமலே வைத்துக்கொண்டு, ஞாயிறுதோறும் தொலைபேசியில் "நூற்றி முப்பது" என்று மகளுக்குச் சொல்லிவந்தேன். ஒரு நாளும் தவறாமல் நூற்றி முப்பது. இப்போது அதைப் பிரித்தேன்.

"ஏ கிழவி, இப்படி வந்து உக்காரு. ஒரு சோதனை பண்ணணும்."

"யாரு மேல?"

"உன் மேல. ஒப்பாரி பாடுறப்ப பாடுறவ உடம்பு என்ன ஆகுதுன்னு அளக்கப் போறேன். கட்டுரை எழுதலாம்னு இருக்கேன்."

"என்ன பாடணும்?"

"ஏதாவது. ஒரு கணவனுக்கு உண்டானது. கொட்டகையில ஏதோ பாடுறியே, அது மாதிரி."

"கொட்டகையில நான் பாடுறது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"காத்து இந்தப் பக்கம் அடிச்சுது."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, கருவியை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தாள்.

"கிழவரே, பாடுறவளை அளந்து என்ன பண்ணப் போறீங்க? சமைக்கிறவளோட வயித்தை அளந்தா விருந்தாளி எவ்வளவு தின்னான்னு தெரியுமா? பாட்டு வேலை செய்யறது கேக்குறவன் மேல. கையை நீட்டுங்க."

அறிவியல் முறைப்படி அவள் சொன்னது முற்றிலும் சரி. கையை நீட்டினேன்.

"பாடுறதுக்கு முன்னாடி ஒரு தடவை, பாடினப்புறம் ஒரு தடவை. அப்பதானே வித்தியாசம் தெரியும்?" என்றாள்.

"ஆமா."

"எண்ணை நீங்க படிக்கக் கூடாது. உங்க உடம்புக்கு நீங்களே சாட்சி சொன்னா யாரு நம்புவா? நான் படிச்சு நோட்டுல எழுதறேன். கீழ நீங்க கையெழுத்துப் போடுங்க."

இவ்வளவு தெளிவான மாணவி முப்பத்தோரு ஆண்டுகளில் எனக்கு வாய்த்ததில்லை. பட்டை இறுகித் தளர்ந்தது. அவள் எழுதினாள். எண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு நோட்டை நீட்டினாள். கையெழுத்திட்டேன். பிறகு எழுந்து, எனக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள்.

முதல் நான்கு வரிகள் எனக்குத் தெரிந்தவை. ஆனாலும் கை சிலிர்த்தது. பிறகு, இதுவரை கேட்டிராத நான்கு வரிகள் வந்தன.

ஒரு சொல்லும் சொன்னதில்லை,
சுவரோடு பேசி வாழ்ந்தேன்;
அந்தச் சுவரும் போனதென்று
ஆரிடம் போய்ச் சொல்லுவேனோ...

சுவர் நான்தான். முதலில் கோபம் வந்தது. அடுத்த மூச்சில், அவளுடைய முதுகைப் பார்த்தபடியே, தொப்பியைத் தேடினேன். தொப்பி அருகில் இல்லை. சாப்பாட்டுக்கு விரிக்கும் துணியை எடுத்து முகத்தை மூடிக்கொண்டேன். நாற்பத்தொரு ஆண்டுகளில் அவள் எனக்காகச் சொன்ன மிக நீண்ட பேச்சு அதுதான். அதையும் சுவரிடம்தான் சொன்னாள்.

அவள் திரும்பியபோது கண் உலர்ந்திருந்தது. மூக்கு மட்டும் சற்றுச் சிவந்திருந்தது. மறுபடியும் விசையை அழுத்தினாள்.

"நூத்தி அறுபத்தெட்டு."

"பாத்தியா? இசை எப்படி ஏத்துது பாத்தியா?" என்றேன், துணிக்குள்ளிருந்து.

"ஏத்தலை. இறக்கியிருக்கு. முன்னாடி நூத்தித் தொண்ணூத்திரண்டு." நோட்டைத் திருப்பிக் காட்டினாள். கீழே என் கையெழுத்து, தெளிவாக, தேதியோடு. "நீங்க செத்துட்டீங்கன்னு கேட்டதும்தான் உங்க உடம்புக்கே ஒரு நிம்மதி வந்திருக்கு."

நான் வாய் திறந்தேன். மெதுவான பாட்டு மூச்சை மெதுவாக்கும், மூச்சு மெதுவானால் அழுத்தம் இறங்கும், இதைக் கரும்பலகையில் எழுதியவனே நான்தான் என்பது அப்போது நினைவுக்கு வந்தது. மூடிக்கொண்டேன்.

"இதை மகளுக்குப் படிச்சுக் காட்டிட்டேன்னு வைங்க..."

"வேண்டாம்."

"அப்ப நாளைக்குக் காலையில நாரின் போற வண்டியில ஏறுங்க. டாக்டர்கிட்ட பேசியாச்சு. பெர்மெத் புருஷன் தெமிர் துணைக்கு வர்றாரு. பை கட்டி வச்சிருக்கேன்."

"எப்ப கட்டின?"

"போன வாரம்."

காலையில் தேநீர் வந்தது. பால் இருந்தது, எங்கள் தேநீரில் எப்போதும் போடும் உப்பு இல்லை. இனி இருக்காது என்றாள். சாலையோரம் வண்டிக்காக நின்றோம். மலையில் முதல் பனி விழுந்திருந்தது. அவள் செருப்பு நனைந்திருந்தது. அதை அடுப்போரம் எடுத்து வைக்க இன்று நான் இருக்க மாட்டேன் என்று தோன்றியது. ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது.

"பாட்டு முடிஞ்சுதா, இன்னும் இருக்கா?" என்றேன்.

"இன்னும் நாலு வரி கட்டணும்." என் கழுத்துத் துணியை இழுத்துக் கட்டினாள். "அதைக் கட்ட எனக்கு நேரமில்லை. அவசரப்படுத்தாதீங்க."

அன்றைய கணக்கு அதோடு பதினேழைத் தாண்டிவிட்டது. வண்டி வந்தது. ஏறி உட்கார்ந்து, கதவைச் சாத்தாமலே, பொறுப்புள்ள கணவனாக இன்னொரு வார்த்தையும் சேர்த்தேன்.

"நான் இல்லேன்னு சாயங்காலம் பால் கறக்க மறந்துடாதே."

"மாடு வத்தி மூணு வாரமாச்சு, கிழவரே. பெர்மெத் வீட்டுப் பாலைத்தான் குடிச்சுக்கிட்டிருக்கீங்க. நான் கொட்டகைக்குப் போனது பாடறதுக்கு. கதவைச் சாத்துங்க, காத்து அடிக்குது."