வெட்டட்டா அண்ணன்

கையில் கத்தியை வைத்துக்கொண்டு அத்தனை மரியாதையாகப் பேசிய மனிதர் மட்டாஞ்சேரியில் மட்டுமல்ல, மூன்று உலகத்திலும் வேறொருவர் இருந்திருக்க முடியாது.

எழுபதுகளின் கடைசியில் மிளகு கோடவுன் ஒன்றில் கிளார்க்காகச் சேர்ந்த வாரம், பக்கத்துத் தெருவிலிருந்த அவருடைய சலூனுக்குப் போனேன். நாகர்கோவில் பக்கத்துக்காரர்.

"துணி போத்தட்டா?"

"ம்."

"தண்ணி தெளிக்கட்டா? கொஞ்சம் சில்லுன்னு இருக்கும்."

"ம்."

பிறகு சவரக்கத்தியைத் தீட்டி என் பிடரியில் வைத்து, கண்ணாடி வழியே என் கண்ணைப் பார்த்துக் கேட்டார்: "வெட்டட்டா?"

நான் கண்ணாடியில் வாசலைத் தேடினேன். அவர் இளமையில் மனநோய் ஆஸ்பத்திரியில் சில வருஷம் இருந்தவர் என்று அன்று காலையில்தான் ஆபீசில் சொல்லியிருந்தார்கள். கத்தி அசையவில்லை. அவரும் அசையவில்லை. பக்கத்துச் சாயாக்கடை ஔசேப்பு சேட்டன்தான் எட்டிப் பார்த்துக் காப்பாற்றினார்.

"சாரே, பதில் பறையணும். இல்லெங்கில் அவன் சாயங்காலம் வரை இப்படியே நிக்கும்."

"வெட்டுங்க" என்றேன். வெட்டினார். ஒரு தலைக்கு ஒரு மணி நேரம். ஊரே அவரை 'வெட்டட்டா அண்ணன்' என்றது. நிஜப்பெயர் அவருக்கே ஞாபகம் இருந்ததா, சந்தேகம்தான்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் வைப்பின் தீவிலிருந்து ஒரு மாப்பிள்ளை அப்பாவோடு வந்தான். "மீசையை எடுத்திடு" என்றார் அப்பா. அண்ணன் மாப்பிள்ளையிடம் திரும்பி, "எடுக்கட்டா?" என்றார். மாப்பிள்ளை அப்பாவைப் பார்த்தான்.

"நான்தானே பறஞ்சது!" என்று அப்பா கத்தினார்.

"நீங்க பறஞ்சது கேட்டுது. ஆனா மீசை உங்க மூஞ்சியில இல்லியே!"

கடைசி போட் சங்கு ஊதும்வரை வாதம் நடந்தது. மறுநாள் மாப்பிள்ளை மீசையோடு தாலி கட்டினான். அவன் வாழ்க்கையில் சொந்தமாக எடுத்த முதல் தீர்மானமும் கடைசித் தீர்மானமும் அதுதான் என்பார் ஔசேப்பு.

ஒருநாள் கேட்டே விட்டேன். "எதுக்கு அண்ணாச்சி இவ்வளவு கேள்வி?"

மாத்திரையைச் சாயாவோடு விழுங்கிக்கொண்டிருந்தார். அதை யாரிடமும் ஒளிக்க மாட்டார். "அங்க ஆஸ்பத்திரில தலையை மழிச்சு விடுவாங்க. ஒருநாள், சளி பிடிச்சிருக்கு, இன்னைக்கி வேண்டாம்னேன். மழிக்கிறவன் நிறுத்தவே இல்ல. நான் பேசுனதாவே அவனுக்குத் தெரியல சாரே. மாத்திரை நல்லதுதான், அதுலதான் குணமானேன். வாயில திணிச்சானே, அதைத்தான் மறக்க முடியல."

சொல்லிவிட்டு, "அடுத்த தலை" என்று எழுந்து போய்விட்டார்.

ஔசேப்பின் தம்பி பேபி எங்கள் கோடவுனில் மூட்டை தூக்குபவன். ஒரு மழைக்காலத்தில் தூக்கம் போய், சுவரோடு பேச ஆரம்பித்தான். ஒரு காலையில் கூரைவரை அடுக்கியிருந்த மிளகு மூட்டைகளின் உச்சியில் ஏறி உட்கார்ந்துகொண்டான்; இறங்க மாட்டேன் என்றான். அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வாசலில் ஜீப் வந்து நின்றது. நாலு பேர் கயிறோடு தயாரானார்கள். ஔசேப்பு அழுதுகொண்டிருந்தார்.

சேதி வந்தபோது நான் அண்ணனின் நாற்காலியில் இருந்தேன். சீப்போடு ஓடினார். பாதி வெட்டிய தலையும் கழுத்தில் துணியுமாக நானும் ஓடினேன்.

"கயித்தைக் கீழ போடுங்க" என்றார். பிறகு மேலே பார்த்து, "பேபி, நான் அங்க வரட்டா?"

"வேண்டா."

"செரி" என்று கீழேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"வேண்டாம்னா செரின்னு உக்காந்தா எப்படிய்யா?" என்று முதலாளி குதித்தார். அண்ணன் ஏணி வைக்கப் போனவனைக் கையமர்த்தினார். வெகுநேரம் கழித்து மேலேயிருந்தே குரல் வந்தது.

"சேட்டனுக்கு வேற ஒண்ணும் கேக்கணும்னு இல்லையா?"

"பசிக்குதா?"

"ம்."

பழம்பொரி மேலே போனது. அது தீர்ந்ததும் அண்ணன் சொன்னார்: "ஆஸ்பத்திரி போவமா? நான் இருந்த எடம்தான். பயமாத்தான் இருக்கும். பொய் சொல்ல மாட்டேன். கூடவே இருக்கேன்."

"என்னைக் கெட்டுமோ?"

"நான் இருக்கும்போது உன்னைக் கட்ட விடமாட்டேன்."

பேபி யோசித்தான். "ஜீப் வேண்டா. போட்டில் போகாம்."

கயிற்றுக் கட்டு இல்லாமல், கையைப் பிடித்து இழுக்காமல், போட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்து எறணாகுளம் போனான். அங்கே இளம் டாக்டர் ஒருவர், "எப்போலிருந்து தூங்கலை?" என்று ஔசேப்பிடம் கேட்டார். "அவன்கிட்டக் கேளுங்க டாக்டர்" என்றார் அண்ணன். "சாப்பிடுறானா?" "அவன்கிட்டக் கேளுங்க." நாலாவது தடவை டாக்டர் பேனாவை மூடிவைத்துவிட்டு, நாற்காலியைப் பேபி பக்கம் திருப்பினார்.

"ஒரு ஊசி போடட்டுமா பேபி? தூக்கம் வரும்."

"வலத்துக் கை வேண்டா. மூட்டை எடுக்கிற கை."

இடது கையில் போட்டார்கள்.

சில மாதங்களில் பேபி திரும்பி வந்து வேலை கேட்டான். முதலாளி தயங்கினார். அண்ணனைக் கூப்பிட்டு, "இவனுக்குச் செரியாயிட்டுதா?" என்றார். அண்ணன் பேபியைக் கை காட்டினார்.

பேபி நிதானமாகச் சொன்னான்: "சில நாள் நல்லா இருக்கும் மொதலாளி, சில நாள் கொஞ்சம் கொறவு. மொதலாளிக்கு எப்படி?"

முதலாளி சிரித்தே விட்டார். மறுநாள் பேபி மூட்டை தூக்கினான்.

எண்பதுகளில் எனக்குக் கல்யாணமாகி இடப்பள்ளிக்குக் குடிபோனேன். மகளுக்கு ஒரு வயதானதும் முதல் மொட்டைக்கு அவ்வளவு தூரம் பஸ் பிடித்து அண்ணனிடம்தான் தூக்கிப் போனேன். அவர் அவள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து முறைப்படி கேட்டார். அவள் அவர் மூக்கைப் பிடித்து இழுத்தாள்.

"இது பதில் இல்லியே சாரே. பேச்சு வரட்டும், கூட்டிட்டு வாங்க."

இடப்பள்ளியில் தடுக்கி விழுந்தால் சலூன். மகள் தானே பதில் சொல்லும்வரை மொட்டை தள்ளிப்போனதில், மாமியார் மூன்று வருஷம் என்னோடு சரியாகப் பேசவில்லை. மகள் முடி கண்ணில் விழ, சடை சடையாகத் தொங்க, சாமியாரிணி மாதிரி திரிந்தாள். எனக்கு வேறொருவர் கையில் அவள் தலையைக் கொடுக்க மனம் வரவேயில்லை.