கறுப்புப் புழுவும் பதினேழாம் நம்பர் படகும்

இந்த வருசம் அவனை வெல்லுறது எண்டு முடிவெடுத்தன். முடிவெடுத்தது குளியலறையிலை. எங்கடை வீட்டிலை நான் தனியாய் முடிவெடுக்கிற இடம் அது ஒண்டுதான்.

அவன் எண்டால் ஜெரமி. என்ரை ஒரே மகள் கனிஷ்காவைக் கட்டினவன். பிளாக்-பாஸ் எண்டு வாய் பெருத்த ஒரு ஏரிமீன் இருக்கு. அதைப் பிடிக்க வருசா வருசம் போட்டி வைக்கினம். பிடிச்சு, அளந்து, படம் எடுத்து, திருப்பித் தண்ணிக்கை விட்டிடுறது. போன வருசக் கோப்பை அவனுக்கு. கோப்பையோடை நிக்கிற படம் என்ரை மனிசி கனகத்தின்ரை போனிலை வந்தது. நான் காணேல்லை எண்ட மாதிரி ரெண்டு தரம் பாத்தன்.

நான் தியாகராஜன். ரூ பிலிப்-து-ஜிரார் எண்ட தெருவிலை ஒரு மீன்கடையிலை இருபத்திரண்டு வருசமாய் மீன் வெட்டுறன். பிடிச்ச மீனைத் திருப்பி விடுற ஆக்களை எனக்கு விளங்கிறேல்லை. கனிஷ்கா முதல் முதல் அவனைப் பற்றிச் சொன்ன நேரம், நான் சத்தம் போட்டன்: "கைக்கு வந்ததை வைச்சிருக்கத் தெரியாதவன் அவன். நாளைக்கு உன்னையும் விட்டிடுவான்!" அவள் பிரெஞ்சிலை ஏதோ சொல்லிப் போட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனவள்தான். நகரசபையிலை கலியாணம் முடிஞ்சுது. நான் போகேல்லை. இப்ப ரெண்டு வருசம். பிள்ளையைக் கைவிட்டது அவனில்லை, நான்தான். அதை வாய்விட்டுச் சொல்லத்தான் ஏலாமல் இருந்தது.

ஒருநாள் மெட்ரோவிலை அவளைக் கண்டன். அவள் என்னைக் காணேல்லை. மெலிஞ்சு போயிருந்தாள். தானாடாவிட்டாலும் தன் சதை ஆடுமாம். லா ஷப்பெலிலை இறங்க வேண்டிய நான் இறங்காமல், மூண்டு ஸ்தேஷன் அவளின்ரை முதுகைப் பாத்துக்கொண்டு நிண்டன். "பிள்ளை" எண்டு ஒரு சொல்லுத்தான். அது வரேல்லை. அவள் இறங்கிப் போட்டாள். வீட்டை வந்து, சோறு குழைஞ்சு போச்சு எண்டு கனகத்தோடை சண்டை பிடிச்சன்.

இந்தக் கேவலத்துக்கு எல்லாம் ஒரே மருந்து, அந்தப் போட்டியிலை அவனை மண் கவ்வ வைக்கிறது. அப்பிடித்தான் அண்டைக்கு என்ரை மூளை வேலை செய்தது. நேரை போய்ப் பொய்யிரை வாங்கிக்கொண்டு வந்தன். மேசை முழுக்கப் பரப்பினன்.

"உதென்னப்பா, விளையாட்டுச் சாமான்?" எண்டாள் கனகம்.

"விளையாட்டுச் சாமான் இல்லை. மீனை ஏமாத்திற இரை."

"எல்லாம் நெத்தலி மாதிரி வெள்ளியாய் மினுங்குது?"

"மீனைப் பற்றி எனக்கே படிப்பிக்கிறீர்?"

"உங்களுக்குத் தெரிஞ்சது செத்த மீன். ஏரித் தண்ணி கலங்கல். கலங்கலுக்குக் கறுப்பு. அதுவும் பெரிசாய். பெரிய பாஸ் சின்ன இரைக்கு வாயைத் திறக்காது."

நான் கதிரையிலை இருந்திட்டன். நெத்தலிக் கருவாட்டுக்கு மேலை மீனைப் பற்றி இவள் ஒருநாளும் கதைச்சதில்லை.

"உமக்கு ஆர் சொன்னது?"

"என்னோடை பள்ளிக்கூடக் கன்ரீனிலை வேலை செய்யிற ஜெனவியேவின்ரை மனுசன். மீன்பிடியிலை புலியாம். ரப்பர் புழு வாங்கட்டாம். தூண்டில் முள்ளைப் புழுவுக்குள்ளை ஒளிச்சுக் குத்தோணுமாம். அப்பத்தான் பாசியிலை மாட்டாது. நூலும் தடிப்பாய். இழுக்கிறது மெல்ல மெல்ல. அவசரக்காரருக்குப் பாஸ் அகப்படாதாம்."

"கடைசிக் கதையும் அந்தாள் சொன்னதோ?"

"இல்லை. அது நான் சொல்லுறது."

வெள்ளி நெத்தலி எல்லாத்தையும் திருப்பிக் குடுத்துப் போட்டுக் கறுப்புப் புழு வாங்கினன். ஒவ்வொரு கிழமையும் ஜெனவியேவின்ரை மனுசன் கனகத்தின்ரை வாயாலை எனக்குப் பாடம் எடுத்தார். நான் கொப்பியிலை எழுதிவைச்சன்.

போட்டிக்குப் பதியிற கடதாசியையும் கனகமே நிரப்பினாள். கார்த் த செஜூர் எண்ட வதிவிட அட்டை எடுத்த காலத்திலை இருந்து எங்கடை வீட்டு வழக்கம் அதுதான். அவள் விரல் வைச்ச இடத்திலை நான் கையெழுத்து வைப்பன். வாசிக்கிற பழக்கம் இல்லை. "இதிலை ஒண்டு. அடுத்த பக்கத்திலையும் ஒண்டு," எண்டாள். வைச்சன்.

புரட்டாதி ஞாயிறு. விடிய ஏரிக்கரையிலை நிக்கிறன். பதிவு மேசையிலை இருந்த பொம்பிளை பட்டியலைப் பாத்து, "பதினேழாம் நம்பர் படகு. உங்கடை சோடி வந்திட்டார்," எண்டாள்.

"எந்தச் சோடி?"

திரும்பினன். ஜெரமி நிக்கிறான். "வணக்கம், மாமா." சொன்ன விதத்திலை கனகத்தின்ரை உச்சரிப்பு அப்பிடியே இருந்தது.

நான் தள்ளிப் போய்ப் போன் எடுத்தன். "கனகம்! என்ன வேலை பாத்திருக்கிறீர்?"

"படகு வெளிக்கிட்டிட்டுதோ?"

"இல்லை."

"அப்ப ஏறுங்கோ. சோடி இல்லாட்டிச் சேர்க்க மாட்டினம். நீங்கள்தானே கையெழுத்து வைச்சனீங்கள்."

போனை வைச்சிட்டாள்.

படகிலை மூண்டு மணித்தியாலம் ஆளுக்கொரு பக்கம் திரும்பி இருந்து தூண்டில் போட்டம். பேந்து அவன் இரை மாத்தத் தன்ரை பெட்டியைத் திறந்தான். உள்ளை கறுப்புப் புழு. என்னட்டை இருந்த அதே நீளம், அதே மொத்தம்.

"கறுப்பு வாய்ச்சுதோ, மாமா?" எண்டு பிரெஞ்சிலை கேட்டான்.

"ஜெனவியேவின்ரை மனுசன்..." எண்டு இழுத்தன்.

"ஜெனவியேவ் கலியாணமே கட்டேல்லை," எண்டான் மெல்லமாய். "சனிக்கிழமையிலை மாமி ஸ்தேனிலை இருக்கிற எங்கடை வீட்டை வாறவ. உங்கடை கேள்வியளைக் கொண்டருவா. நான் பதில் சொல்லுவன்."

சனிக்கிழமையிலை கோயில் பஜனை எண்டெல்லோ போறவள்! எனக்குக் கோவம் பத்திக்கொண்டு வந்தது. அதுக்குள்ளை அவன், தண்ணியைப் பாத்தபடி, "போன தையிலை கனிஷ்காவுக்கு ஒரு பிள்ளை தங்காமல் போட்டுது. ஆசுபத்திரியிலை அவள் உங்களைத்தான் கேட்டவள். பேந்து, கூப்பிட வேண்டாம், கூப்பிட்டு வராட்டித் தாங்க ஏலாது எண்டிட்டாள்," எண்டான்.

போன தை. கனகம் ஒருநாள் கண் வீங்கி வந்தவள். கன்ரீனிலை வெங்காயம் எண்டவள். நான் தேத்தண்ணி பிந்திப் போச்சு எண்டு ஏசினனான். ஐயோ, வெக்கத்திலை செத்துப் போகலாம் போலை இருந்தது. படகிலை எழும்பிப் போறதுக்கும் இடமில்லை. முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதன். அவன் ஒரு கடதாசித் துவாயை மட்டும் நீட்டினான்.

அப்பதான் அவன்ரை நூல் இழுத்தது. தூண்டில் வில்லாய் வளைஞ்சுது.

"மாமா, வலை!"

நான் வலையைப் போடாமல் விட்டிருந்தால் மீன் போயிருக்கும். அவனை வெல்ல வந்த எனக்கு அதுதான் சந்தர்ப்பம். கண் மங்கல். ஆனாலும் குனிஞ்சு வலையைப் போட்டு அள்ளினன். நாப்பத்தொன்பது சென்ரிமீற்றர். அண்டைக்கு ஒருத்தரும் அதைவிடப் பெரிசு பிடிக்கேல்லை. படம் எடுத்த பிறகு, "நீங்கள் விடுங்கோ," எண்டு என்னட்டைத் தந்தான். மூச்சு வாங்குமட்டும் தண்ணிக்குள்ளை தாங்கிப் பிடிக்கோணும் எண்டு காட்டித் தந்தான். எத்தினை ஆயிரம் மீனை வெட்டின கை இது. அந்த மீன் துள்ளிப் போன நேரம் எனக்குச் சந்தோசமாய் இருந்தது.

அவன் போனை எடுத்து, ஒரு நம்பரை அமத்தி, என்ரை காதிலை வைச்சான்.

"அப்பா?"

ரெண்டு வருசத்துக்குப் பிறகு அந்தக் குரல்.

"ஓம் பிள்ளை... அப்பாதான்... என்னை மன்னிச்சுக்கொள்ளு, பிள்ளை."

அங்காலை மூக்கை உறிஞ்சிற சத்தம். பேந்து, "படம் வந்தது," எண்டாள். "மீன் ஆர் பிடிச்சது, அப்பா?"

ஜெரமியைப் பாத்தன். அவன் மற்றப் பக்கம் பாத்துக்கொண்டிருந்தான்.

"நான்தான்," எண்டன்.

அவள் அழுகையோடை சிரிச்சாள்.

"அம்மா சரியாச் சொன்னவா. 'கொப்பர் தான்தான் பிடிச்சது எண்டு சொல்லுவார், அதுக்காகப் போனை வைச்சுப் போடாதை' எண்டவா."