பட்டத்துக்கு இன்னும் ஒன்றே ஒன்று

மனிதர்களில் 'இன்னும் ஒன்றே ஒன்று' என்று ஓர் இனம் உண்டு. ஆதார் அட்டையைக் கொடுத்தால் ஜெராக்ஸ் கேட்பார்கள், ஜெராக்ஸ் கொடுத்தால் அதில் கையெழுத்து கேட்பார்கள், கையெழுத்தைப் போட்டு நீட்டினால் 'அடடா, கறுப்பு மையில் போட்டிருக்கணுமே' என்று நம்மைவிட அதிகமாக வருத்தப்படுவார்கள். கெட்டவர்களா? கிடையவே கிடையாது. லஞ்சம் வாங்க மாட்டார்கள். வாங்கினாலாவது வேலை முடியும். காகிதத்தில் ஒரு கட்டம்கூடக் காலியாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான் அவர்கள் ஆசை.

இந்த இனத்தில் முழு வளர்ச்சி பெற்ற ஒருவரைப் பார்க்க வேண்டுமென்றால் செய்யூரைத் தாண்டிக் கடற்கரைக்கு வாருங்கள். சவுக்குத் தோப்புக்கு நடுவே, நூற்றுப் பதினான்கு மாணவர்கள் தங்கிப் படிக்கும் சின்னக் கல்லூரி ஒன்று இருக்கிறது. அதன் பதிவாளர் கோபாலகிருஷ்ணன்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவர் அங்கே வேலைக்குச் சேர்ந்தபோது, இளநிலைப் பட்டம் வாங்க எட்டுத் தகுதிகள் போதும் என்று இருந்தது. எட்டா? அவருக்கு மூன்று நாள் சாப்பாடு இறங்கவில்லை. இப்போது நாற்பத்தொன்று. பாடங்களில் தேறினால் மட்டும் போதாது. விடுதியில் ஐந்நூற்று நாற்பது இரவுகள் தூங்கியிருக்க வேண்டும், வெறுமனே படுத்திருந்தால் சேர்த்தி இல்லை. முதல் வருஷம் நட்ட மரக்கன்று பட்டமளிப்பு நாளன்று உயிரோடு இருக்க வேண்டும். ஆடு தின்றிருந்தால் ஆட்டுக்காரரிடமிருந்து கடிதம். விளையாட்டுத் துறையின் கையெழுத்து வேண்டும். விளையாட்டுத் துறை என்பது ஒரு வாலிபால். அதை வைத்திருப்பவர் யாரோ அவர் கையெழுத்து.

நாற்பத்தொன்றாவது, நீச்சல். வெளிநாட்டில் ஏதோ ஒரு கல்லூரியில் நீந்தத் தெரியாவிட்டால் பட்டம் கிடையாது என்று யாரோ டீ குடித்துக்கொண்டே சொன்னார்கள். டீ ஆறுவதற்குள் அது கையேட்டில் ஏறிவிட்டது. கல்லூரியில் நீச்சல் குளம் இல்லையே? கேளம்பாக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் குளத்தைக் கேட்டு வாங்கி, வருஷத்துக்கு ஒரு நாள் பஸ் வைத்து மாணவர்களை அழைத்துப் போனார். மூன்றரை அடி ஆழம். பாதிப்பேர் நடந்தே தேறினார்கள்.

இப்படி இருக்கும்போதுதான் வேண்டா வந்து மாட்டினாள்.

வேண்டா, கல்லூரி மதிலுக்கு அந்தப் பக்கத்து மீனவக் குப்பத்துப் பெண். மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்ததால் வைத்த பெயர். கடல்சார் உயிரியலில் கல்லூரிக்கே முதலாவதாக வந்திருந்தாள். கொச்சியில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் வேலையும் கிடைத்தாயிற்று. திங்கட்கிழமை பட்டச் சான்றிதழோடு போய்ச் சேர வேண்டும். குப்பத்தில் முதல் பட்டதாரி என்று ஒலிபெருக்கிகூடச் சொல்லி வைத்திருந்தார்கள். ஆனால் பட்டம் பெறுவோர் பட்டியல் அச்சாகி வந்தபோது, 'பி.எஸ்சி. பட்டம் – வேண்டா' என்ற வரியைப் படித்த அலுவலக உதவியாளர், 'ஐயோ பாவம், இந்தப் பொண்ணு பட்டமே வேணாம்னு எழுதிக் கொடுத்திடுச்சு' என்று கோப்பை எடுத்து அலமாரிக்குள் வைத்துவிட்டார். மூன்று வாரம்.

வெள்ளிக்கிழமை அந்தக் கோப்பைத் தேடி எடுத்தவர் கோபாலகிருஷ்ணனே. தூசி தட்டி, நாற்பது கட்டங்களையும் சரிபார்த்து, மனம் குளிர்ந்து, நாற்பத்தொன்றாவது கட்டத்துக்கு வந்தார். அங்கே ஒரு கோடு. 'இவள் கடற்கரைப் பெண்தானே, இவளுக்கு எதற்கு' என்று அந்த வருஷம் பஸ்ஸில் ஏற்றாமல் விட்டிருந்தார்கள்.

"எல்லாம் சரியா இருக்கும்மா. இன்னும் ஒண்ணே ஒண்ணு."

"சார், நான் நடக்கிறதுக்கு முன்னாடியே நீஞ்சினவ சார்."

"சாட்சி?"

"கடல் சார்!"

"கடல் கையெழுத்து போடாதேம்மா."

கேளம்பாக்கத்துக்குப் போன் போட்டார். குளத்தில் டைல்ஸ் பெயர்ந்து வேலை நடக்கிறதாம், ஒரு மாதம் ஆகுமாம். வேண்டா ஜன்னல் வழியாக வெளியே கை காட்டினாள். அவர் எட்டிப் பார்த்தார். வங்காள விரிகுடா முழுவதும் காலியாகத்தான் இருந்தது. ஆனால் ஐம்பது மீட்டர் என்று விதி இருக்கிறதே, கடலில் ஐம்பது மீட்டர் எங்கே முடிகிறது?

சனிக்கிழமை காலை டேப்போடு குப்பத்துக்கே வந்துவிட்டார். வேண்டாவின் அப்பா தாண்டவராயன் வலைக் கயிற்றை மணலில் நீட்டிப் போட, பதிவாளர் குனிந்து குனிந்து அளந்தார்.

"இன்னா சார் இது, கடலாண்ட வந்து டேப்பு புடிச்சிகினு கீறீங்க? கரையிலேர்ந்து நாலு பாகம் ஆழத்துக்குத் தள்ளிப் போனா நீங்கதான் பயப்படுவீங்க, எம்பொண்ணு பயப்படாது."

"விதிங்க."

"விதின்னா செரி. ஏறுங்க போட்ல."

ஏற்பாடு இதுதான்: அலை உடைகிற இடத்தைத் தாண்டிப் படகை நங்கூரம் போட்டு நிறுத்துவது. படகிலிருந்து கரைப் பக்கமாக ஐம்பது மீட்டர் கயிறு, அதன் முனையில் ஒரு மிதவை. பதிவாளர் விசில் ஊதினதும் வேண்டா படகிலிருந்து குதித்து, மிதவையைத் தொட வேண்டும். தொட்டால் பட்டம். ஒரு பருவத்துக்கு ஒரே முயற்சிதான் என்பதையும் அவர் நினைவுபடுத்தினார்.

பாவம், அவருக்கு நீந்தத் தெரியாது என்பதைச் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. பதிவாளருக்கான தகுதிகளில் அது கிடையாது.

படகு ஆடியது. முகம் வெளுத்துப்போயிருந்தாலும் கடமை என்று ஒன்று உண்டல்லவா? பிளாஸ்டிக் உறையில் போட்ட படிவத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, எழுந்து நின்று, அடிவயிற்றிலிருந்து விசில் ஊதினார். ஊதின வேகத்திலேயே தண்ணீரில் விழுந்தார்.

விசில் ஊதியாயிற்று, ஆகவே தேர்வு முறைப்படி தொடங்கிவிட்டது. அதே நொடியில் வேண்டாவும் குதித்தாள். அதற்குள் ஓர் அலை அவரைப் படகிலிருந்து கரைப் பக்கமாகப் பிய்த்துக்கொண்டு போயிருந்தது. இரண்டு முறை உள்ளே போய், இரண்டு முறை வெளியே வந்தார். மூன்றாவது முறை உள்ளே போவதற்கு முன் சட்டைக் காலரை ஒரு கை கொத்தாகப் பிடித்தது.

"காலை ஒதறாதீங்க சார்! ஒடம்ப அப்படியே விட்டுடுங்க. நான் கீறேன்."

வாழ்க்கையில் எதையும் அப்படியே விட்டுப் பழக்கமில்லாத மனிதர். வேறு வழியில்லாமல் விட்டார். மல்லாந்து கிடந்தவருக்கு வானம் மட்டும் தெரிந்தது. கட்டம் எதுவும் இல்லாத வானம். அவள் இழுத்தாள், இழுத்தாள், எதிரே பிடித்துக்கொள்ளக் கிடைத்த முதல் பொருளான மிதவையில் கொண்டுபோய்ச் சேர்த்தாள். தாண்டவராயன் நங்கூரத்தைத் தூக்கிப் படகைத் திருப்பிக்கொண்டு வந்து இருவரையும் ஏற்றினார். அவ்வளவு நேரமும் பதிவாளரின் வலது கை மட்டும் தண்ணீருக்கு மேலேயே இருந்தது. படிவம் நனையவில்லை.

கரையில் அரைப்படி உப்புத் தண்ணீரைக் கக்கி முடித்ததும் அவர் வேண்டாவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். கண் கலங்கிவிட்டது.

"உசிரக் காப்பாத்திட்டியேம்மா. இந்த நன்றிய மறக்க மாட்டேன். ஆனா..."

"ஆனா?"

"'பிறர் துணையின்றித் தனியாக நீந்த வேண்டும்'னு இருக்கு. நாம ரெண்டு பேர் இருந்தோமே."

குப்பமே சுற்றி நெருங்கி வந்தது. வேண்டா தலைமுடியைப் பிழிந்துகொண்டே கேட்டாள்.

"உங்கள அங்கியே வுட்டுட்டுப் போயிருந்தா பாஸா சார்?"

அவர் கண்ணை மூடிக்கொண்டு நியாயமாக யோசித்தார். "இல்லம்மா. கையெழுத்து போட ஆள் இருந்திருக்காது. அப்பவும் ஃபெயில்தான்."

வேண்டா மணலில் உட்கார்ந்து முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். மூன்று வருஷமும் அவள் அழுது யாரும் பார்த்ததில்லை. கோபாலகிருஷ்ணன் கையேட்டை மனசுக்குள் முதல் பக்கத்திலிருந்து புரட்டினார். எந்த உட்பிரிவிலும் ஒரு சந்துகூட இல்லை. எப்படி இருக்கும்? ஒவ்வொரு சந்தாகத் தேடித் தேடி அடைத்தவரே அவர்தானே!

அப்போதுதான் வேண்டாவின் அம்மா மாரியம்மா, மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு முன்னால் வந்தாள்.

"இன்னா சார் பேஜாரு பண்ற? ரெண்டு பேரா? நீஞ்சினது எம்பொண்ணு ஒருத்தி. நீ எங்க நீஞ்சின? மூட்ட மாரி வந்த!"

"என்னம்மா சொன்னீங்க?"

"மூட்டைன்னேன். இன்னா இப்ப?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். பதிவாளர் சிரிக்கவில்லை. ஒன்பது வருஷமாகக் கல்லூரியில் முதல்வரே எழுந்து நின்று வணக்கம் சொல்லும் மனிதர் அவர். மூட்டையா? காது சிவந்தது. மணலில் குனிந்திருந்த அந்த ஈரத் தலையை ஒரு தரம் பார்த்தார். பிறகு மெதுவாகப் பேனாவைத் திறந்தார். மூட்டை என்பது 'பிறர்' ஆகாது. சுமை தூக்கிக்கொண்டு நீந்தக் கூடாது என்று எங்கேயும் விதி இல்லை.

நாற்பத்தொன்றாவது கட்டத்தில் தெளிவான கையெழுத்தில் எழுதினார்: 'மாணவி ஐம்பது மீட்டர் தூரத்தைத் தனியாக நீந்திக் கடந்தார். உடன் கொண்டு சென்ற சுமை: பதிவாளர், 72 கிலோ.' கீழே கையெழுத்து, தேதி, முத்திரை. முத்திரையைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார்.

வேண்டா ஞாயிற்றுக்கிழமை ரயிலேறினாள். ஒலிபெருக்கி நாள் முழுக்கப் பாடியது.

கோபாலகிருஷ்ணன் திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? அடுத்த வருஷக் கையேட்டில் நாற்பத்திரண்டாவது தகுதி வந்தது: '72 கிலோ சுமையுடன் ஐம்பது மீட்டர் நீந்த வேண்டும். முன்னுதாரணம் உள்ளது.' முதலில் சிமெண்ட் மூட்டையைக் கட்டிப் பார்த்தார்கள். அது கடலுக்குள்ளேயே இறுகிப்போய், இப்போது அதில் நண்டுகள் குடியிருக்கின்றன. ஆகவே வருஷா வருஷம் ஜூன் மாதத்தில், மிதவைச் சட்டை மாட்டிக்கொண்டு பதிவாளரே சுமையாகப் போகிறார். ஒவ்வொரு மாணவரும் காலரைப் பிடித்து இழுக்க, அவர் மல்லாந்து வானத்தைப் பார்த்தபடி, யாரும் அதுவரை பார்த்திராத ஒரு புன்னகையோடு மிதந்து போகிறார். இரண்டு கிலோ ஏறிவிடக் கூடாதே என்று ராத்திரி சோற்றைக்கூட நிறுத்திவிட்டாராம்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன், உண்மையைச் சொல்ல வேண்டும். படிவத்தில் அவர் 72 கிலோ என்று எழுதினார் அல்லவா? அதைப் படித்தபோது, 'சட்டை வேட்டி நனைந்திருந்ததே, ஈர எடையா, உலர்ந்த எடையா, எடைச் சீட்டு இணைத்தாரா?' என்று உங்கள் மனசின் ஓரத்தில் ஒரு கேள்வி எட்டிப் பார்த்ததா?

பார்த்ததா? வாருங்கள் சார், உட்காருங்கள். உங்களைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்.