எத்திராஜின் மூக்கும் லட்டுக் கவரும்

'அபாயம்' என்று சிவப்பு எழுத்தில் எழுதி ஒரு போர்டை எங்கே வேண்டுமானாலும் மாட்டிப் பாருங்கள். ஒரே வாரத்தில் அந்தப் போர்டின் ஆணியில் தன் சட்டையைக் கழற்றி மாட்டியிருக்கிற ஒரு மனிதர் அங்கே இருப்பார். ஆலையானாலும் ஆபீஸானாலும் அடுக்குமாடிக் குடியிருப்பானாலும் இவர் இல்லாத இடம் கிடையாது. மின்சாரப் பெட்டி திறந்து கிடந்தால் அதற்குள் தன் தீப்பெட்டியைப் பத்திரமாக வைப்பவர் இவர்தான். லிஃப்ட் பாதியில் நின்றால், 'இது எப்பவும் நிக்கிறதுதான்' என்று உள்ளே மாட்டிக்கொண்டவருக்கு வெளியிலிருந்து தைரியம் சொல்பவரும் இவர்தான். இவருக்கு நாம் என்ன பெயர் வைப்பது? அந்தச் சிரமத்தை அவர் நமக்குத் தரவில்லை. தமிழ் பேசுகிறவர்களிடம் "ஒண்ணும் ஆவாது" என்பார். தெலுங்கு பேசுகிறவர்களிடம் "ஏமி காதுலே" என்பார். சித்தூர்ப் பக்கத்தில் இரண்டு மொழியும் இல்லாமல் பிழைக்க முடியாது அல்லவா?

இந்த இனத்தைத் தூரத்தில் நின்று பார்த்தால் பெருமை புரியாது. நல்ல மாதிரி ஒன்றைக் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். ஆகவே எத்திராஜைப் பாருங்கள்.

சித்தூரிலிருந்து கங்காதர நெல்லூர் போகிற சாலையில் புளி மூட்டைகளை அடுக்கி வைக்கிற ஒரு கோல்டு ஸ்டோரேஜ் இருக்கிறது. புளி கறுக்காமல் வருஷம் முழுக்கச் சிவப்பாக இருக்கக் குளிர் வேண்டும். அந்தக் குளிருக்கு அமோனியா வேண்டும். அமோனியா குழாய்க்குள் இருக்கிறவரை சமர்த்து. வெளியே வந்தால் கண்ணையும் தொண்டையையும் எரிக்கும். அதிகமாக வந்தால் ஆளையே சாய்த்துவிடும். இந்த வாயுவை இருபத்தாறு வருஷமாகக் கட்டி மேய்க்கிற மெஷின் ரூம் ஆபரேட்டர்தான் எத்திராஜ். நகரிப் பக்கத்துக்காரர். ஊர் அவருக்கு வைத்த பெயர் மூக்கு மேஸ்திரி.

காரணம் இருக்கிறது. காலை ஏழு மணிக்கு அவர் மெஷின் ரூம் வாசலில் வந்து நிற்பார். செருப்பைக் கழற்றுவார். கண்ணை மூடி, தலையைச் சற்று நிமிர்த்தி, மூக்கை வலம் இடமாக இரண்டு தடவை ஆட்டி, காற்றை இழுத்து, கொஞ்ச நேரம் உள்ளேயே வைத்திருந்து, ஏதோ தீர்ப்பு எழுதி முடித்த நீதிபதியைப் போல வெளியே விடுவார். பிறகு ஸ்பானரால் பைப்பை ஒரு தட்டு. "இன்னிக்கு ஒண்ணும் இல்ல. போங்க." அந்த வார்த்தை வந்த பிறகுதான் ரத்னம்மாவும் அவளோடு வருகிற ஒன்பது பெண்களும் புளி அறைக்குள் காலை வைப்பார்கள். பத்துப் பேரின் உயிர் அந்த ஒரு மூக்கின் மேல் நடந்துகொண்டிருந்தது. எத்திராஜுக்கு அதில் அளவில்லாத பெருமை.

பாதுகாப்புச் சாமான்கள் இல்லாமலா இருந்தன? எல்லாம் இருந்தன. முகத்தில் மாட்டுகிற கேஸ் மாஸ்க் ஒன்று உண்டு. அது திருட்டுப் போகக் கூடாதென்று மேனேஜர் தாமோதரனின் அறையில், கண்ணாடி அலமாரிக்குள், பூட்டப்பட்டிருந்தது. சாவி தாமோதரனின் அரைஞாணில். ஆயுத பூஜைக்கு மட்டும் மாஸ்க் வெளியே வரும். ஸ்பானர், கம்ப்ரஸர், லாரி எல்லாவற்றோடும் சேர்ந்து பொட்டு வைத்துக்கொள்ளும். மற்றவைக்கெல்லாம் ஒரு பொட்டு. மாஸ்க்குக்கு மட்டும், அது முகம் போல இருப்பதனாலோ என்னவோ, கண்ணாடி முழுக்கப் பெரிய திருநாமம். சந்தனத்தைக் குழைத்துச் சாத்துகிற கைங்கரியம் எத்திராஜுடையது. சாமிக்குச் சாத்தியதைத் துடைக்கலாமா? துடைக்கக் கூடாது. வருஷா வருஷம் பழையதன் மேல் புதியது ஏறிக்கொண்டே வந்தது.

காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று காட்ட மொட்டை மாடிக் கம்பத்தில் ஒரு துணிப்பை பறக்க வேண்டும். பறந்தது, ஒரு காலத்தில். இப்போது அது கேன்டீனில் டீத்தூள் வடிகட்டியாக இருப்பதாகக் கேள்வி. மெஷின்களை ஒரே அழுத்தில் நிறுத்துகிற சிவப்பு ஸ்விட்ச் வெளிச் சுவரில் இருந்தது. அதன் மேல் மகாலட்சுமி காலண்டர் தொங்கியது. போன வருஷம் நடத்திய அபாய ஒத்திகையில் மணி அடித்ததும் எல்லோரும் ஒழுங்காக, வரிசையாக, கேன்டீனுக்கு ஓடினார்கள். அன்று போண்டா.

இப்படி எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் திருப்பதியிலிருந்து ரூபா வந்தாள். பாதுகாப்பு அதிகாரி. புத்தூர்ப் பெண், இன்ஜினியர், வயது இருபத்தெட்டு. எத்திராஜின் சர்வீஸை விட இரண்டே வயது கூட. ஒரு நாள் முழுக்கச் சுற்றிப் பார்த்துவிட்டு, மெஷின் ரூம் சுவரில் வெள்ளைப் பெட்டி ஒன்றை மாட்டினாள். காற்றில் அமோனியா கொஞ்சம் கூடினாலும் கத்துகிற கருவி.

"அண்ணா, இது கத்திச்சின்னா யாரும் உள்ள போவக் கூடாது. நீங்களும்தான்."

"என் மூக்கு கீதேம்மா."

"மூக்கு பழகிப் பூடும்ணா. தினம் அதையே மோந்துகினு இருந்தா வாசனையே தெரியாம பூடும்."

எத்திராஜ் சிரித்தார். மெஷின் ரூமே சேர்ந்து சிரித்த மாதிரி இருந்தது அவருக்கு. "இருபத்தாறு வருசம், மேடம். ஏமி காதுலே."

அந்த 'மேடம்' எப்படிப்பட்ட மேடம் என்பது உங்களுக்குத் தெரியும். நீங்களும் சொல்லியிருப்பீர்கள்.

ரூபா திருப்பதி போய்ச் சேர்வதற்குள் பெட்டி கத்தியது. எத்திராஜ் மூக்கை வலம் இடம் ஆட்டினார். ஒன்றுமில்லை. மறுநாளும் கத்தியது. அதற்கடுத்த நாளும். "இன்னாடா இது, பசிக்குப் பால் கேக்கற புள்ள மாரி அழுதுகினே கீது" என்று சலித்துக்கொண்டு, மதியச் சாப்பாட்டுப் பையில் கிடந்த திருமலை லட்டுக் கவரை எடுத்து, பெட்டியின் தலை வழியாக மாட்டி, ரப்பர் பேண்டு போட்டார். பெட்டி அமைதியானது. இதில் அவர் பங்குக்குக் கொஞ்சம் பக்தியும் இருந்தது என்று நாம் நம்பலாம்.

அன்று இரவு வீட்டில் ரசம். மனைவி தேவயானி தட்டில் ஊற்றிவிட்டு அவர் முகத்தையே பார்த்தாள்.

"பெருங்காயம் தூக்கலா பூட்ச்சா?"

"பெருங்காயமா? போட்டியா இன்னா? இப்பல்லாம் மைதா மாவைத்தான் பெருங்காயம்னு கட்டி கட்டியா விக்கறானுங்க."

தேவயானி உள்ளே போய்ப் பெருங்காய டப்பாவைத் திறந்து அவர் மூக்குக்கு நேரே பிடித்தாள். எத்திராஜ் மோந்தார். நன்றாக இழுத்து மோந்தார். தேவயானியோ தும்மிக்கொண்டிருந்தாள்.

"தெரியுதா?"

"தெரியாம இன்னா, நல்லாத் தெரியுது" என்றார் எத்திராஜ். ரசச் சாதத்தைப் பாதியில் விட்டுவிட்டுக் கை கழுவினார். அன்றிலிருந்து அவர் ரகசியமாகப் பரீட்சை எழுத ஆரம்பித்தார். மல்லிப்பூ, டீசல், பூண்டு, பக்கத்து வீட்டுக் கருவாடு. எல்லாவற்றிலும் பூஜ்யம். மெஷின் ரூமில் இருந்த அமோனியாக் கரைசல் பாட்டிலின் மூடியை மட்டும் அவர் திறக்கவில்லை. திறந்தால் தெரிந்துவிடுமே! தெரியாமல் இருக்கிறவரை அவர் மூக்கு மேஸ்திரிதான்.

இங்கே ஒரு விஷயம் கவனியுங்கள். நமது ஆசாமி முட்டாள் அல்ல. தனக்கு மணம் தெரியவில்லை என்று தெரிந்த அன்றே புது வழி கண்டுபிடித்துவிட்டார். காலையில் கண்ணை மூடி மூக்கை ஆட்டும்போது, ஒரு கண்ணை மட்டும் ஊசி நுழைகிற அளவுக்குத் திறந்து ரத்னம்மாவின் முகத்தைப் பார்ப்பார். அவள் முகம் சுளிக்கவில்லை என்றால், "இன்னிக்கு ஒண்ணும் இல்ல. போங்க." அவர் வாயைப் பார்த்துக்கொண்டு அவர்கள் நின்றார்கள், அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அவர் நின்றார். ஒரு மாதம் இப்படியே ஓடியது.

ஒரு வெள்ளிக்கிழமை. தாமோதரன் திருமலைக்குப் போயிருந்தார். செல்போனை டெபாசிட் செய்துவிட்டு தரிசனக் க்யூ கம்பார்ட்மென்டில் உட்கார்ந்து கோவிந்தா போட்டுக்கொண்டிருந்தார், சாவி அரைஞாணில் ஆட. இங்கே ஏழு மணிக்கு எத்திராஜ் வாசலில் வந்து, செருப்பைக் கழற்றி, கண்ணை மூடி, மூக்கை ஆட்டி, ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு கண்ணைத் திறந்தார்.

ரத்னம்மா முந்தானையை மூக்கில் வைத்திருந்தாள்.

"அண்ணா, வாசனை வருதில்ல?"

எத்திராஜ் இழுத்தார். ஒன்றுமில்லை. இன்னும் இழுத்தார். ஒன்றுமே இல்லை. பின்னாலிருந்த பெண் ஒருத்தி இருமினாள்.

"ஜலுப்பா இருக்கும்" என்றார். குரல் அவருடையது போலவே இல்லை.

"நீ சொன்னா சரிதாண்ணா" என்று ரத்னம்மா முந்தானையை இறக்கிவிட்டு, புளி அறைப் பக்கம் ஒரு அடி வைத்தாள். அந்த 'சரிதாண்ணா'தான் அவரைக் குத்தியது. அவள் மூக்கு சரியாகச் சொல்கிறது. அவர் மூக்கின் மேல் வைத்த மரியாதைக்காக அவள் தன் மூக்கை நம்பாமல் உள்ளே போகிறாள்.  எத்திராஜ் மெஷின் ரூமுக்குள் ஓடிப்போய்ச் சுவரில் இருந்த லட்டுக் கவரைப் பிய்த்தார். மூச்சு முட்டிக் கிடந்த பெட்டி இரண்டு நொடி யோசித்தது. பிறகு கத்தியது பாருங்கள், கேன்டீனில் டீ ஆற்றிக்கொண்டிருந்தவன் டம்ளரைக் கீழே போட்டான்.

"போவாத ரத்னம்மா! யாரும் போவாதீங்க!" எத்திராஜ் வெளியே ஓடி வந்து புளி அறைக் கதவை மறித்து நின்றார். "எனக்கு வாசனை தெரியல. ஒரு மாசமா ஒண்ணுமே தெரியல. உம் மூஞ்சியப் பாத்துதான் சொல்லிக்கினு இருந்தேன்."

பத்துப் பேரும் வாயைப் பிளந்தார்கள். இருபத்தாறு வருஷத்துப் பெருமை அந்த வாசலிலேயே செருப்போடு செருப்பாகக் கிடந்தது. ஆனால் பெருமையைப் பொறுக்கிக்கொண்டிருக்க இது நேரமா? எத்திராஜ் மேனேஜர் அறைக்கு ஓடி, ஸ்பானரால் அலமாரிக் கண்ணாடியை உடைத்து, மாஸ்க்கை எடுத்து மாட்டிக்கொண்டு, வால்வை அடைத்துவிட்டு வரப் புறப்பட்டார். புறப்பட்டவருக்குக் கண்ணெதிரே திருநாமத்தைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. பக்தனுக்கு அது போதும். வால்வு தேடுகிறவனுக்குப் போதாது. நான்கு அடி வைத்து நேரே ரத்னம்மாவின் மேல் போய் முட்டினார்.

"உள்ள எங்க போற? கண்ணும் தெரியல, மூக்கும் தெரியல! ரூபாம்மாக்குப் போன் போடு முதல்ல!"

ரூபா போனிலேயே கத்தினாள். "உள்ள போவாதீங்கண்ணா! செவப்பு ஸ்விட்ச்!"

"எங்கம்மா கீது அது?"

"காலண்டருக்குப் பின்னால!"

அவள் ஒரே நாளில் பார்த்துவைத்திருந்த இடத்தில் இவர் இருபத்தாறு வருஷமாகத் தேதி பார்த்துக்கொண்டிருந்தார். மகாலட்சுமியைத் தள்ளி ஸ்விட்சை அழுத்தினார். மெஷின்கள் முனகி நின்றன.

"இப்ப காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாருங்க. அது போற பக்கம் யாரும் போவக் கூடாது."

கம்பத்தைப் பார்த்தார்கள். கம்பம் மட்டும் இருந்தது. ரத்னம்மா முந்தானையை அவிழ்த்துப் பிடித்தாள். அது படபடவென்று கேன்டீன் பக்கம் பறந்தது. "கேன்டீன் வேணாம்! எல்லாம் மாந்தோப்புப் பக்கம் வாங்க, குறுக்கால வாங்க" என்று அவளே எல்லோரையும் ஓட்டிக்கொண்டு போனாள், டீ மாஸ்டரையும் கூப்பிட்டாள். அவன் போண்டாவை விட்டு வர மனசில்லாமல் தட்டோடு வந்தான்.

ஒன்றரை மணி நேரத்தில் ரூபா வந்தாள், முதுகில் காற்று சிலிண்டர் கட்டிய இரண்டு ஆட்களோடு. பம்ப் பக்கத்து வால்வு ஒன்றில் கசிவு. ஒரு மாதமாகச் சொட்டுச் சொட்டாகத் தொடங்கி அன்று வாயைத் திறந்திருக்கிறது. அடைத்தார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மாந்தோப்பில் போண்டா காலியாகியிருந்தது.

"யாரு மொதல்ல கண்டுபுடிச்சது?" என்று ரூபா கேட்டாள்.

எத்திராஜ் தலையைக் குனிந்துகொண்டு சுவரைக் காட்டினார். "உன் பெட்டிதாம்மா, ஒரு மாசம் முன்னாலயே. அதுக்கப்புறம் ரத்னம்மா." சொல்லி முடித்ததும் நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை இறக்கின மாதிரி இருந்தது அவருக்கு. ரத்னம்மா தான் எடுத்து வைத்திருந்த கடைசிப் போண்டாவில் பாதியைப் பிட்டு அவரிடம் நீட்டினாள். வாசனை தெரியாவிட்டால் என்ன, காரம் தெரிந்தது.

அதன் பிறகு எத்திராஜ் திருந்திவிட்டார். நம்புங்கள். கம்பத்தில் புதுத் துணிப்பை பறக்கிறது. காலண்டர் இடம் மாறிவிட்டது. மாஸ்க் பூட்டில்லாமல் வாசலிலேயே தொங்குகிறது. இந்த வருஷம் ஆயுத பூஜையில் யாரோ சந்தனத்தோடு மாஸ்க்கை நெருங்கியபோது அவர் இரண்டு கையையும் நீட்டிக் காவல் நின்றார். "கண்ணாடில வெக்காத! கண்ணு தெரியாம பூடும்!" எல்லோரும் கை தட்டினார்கள். அந்தச் சந்தோஷத்தில் அவர் வெள்ளைப் பெட்டியின் பக்கம் திரும்பினார். பத்து உயிரைக் காப்பாற்றிய தெய்வம் அல்லவா அது! காற்றை உள்ளே இழுக்கிற சின்ன ஓட்டையின் மேல், சரியாக நடுவில், சந்தனத்தைக் குழைத்துப் பெரியதாக ஒரு பொட்டு வைத்தார்.

"அண்ணா!" என்று அலறினாள் பூஜைக்கு வந்திருந்த ரூபா.

"சின்னப் பொட்டுதானேம்மா. ஒண்ணும் ஆவாது."

சிரிக்கிறீர்கள். நல்லது, சிரியுங்கள். உங்கள் வீட்டு கேஸ் டியூபில் எழுதியிருக்கிற தேதி போன வருஷமே முடிந்துவிட்டது. உங்கள் வண்டியில் ஒரு மாதமாக எரிகிற மஞ்சள் விளக்கின் மேல் சாமி படம் ஒட்டியிருக்கிறது. அதையெல்லாம் இங்கே சொல்லி நான் உங்கள் சந்தோஷத்தைக் கெடுக்கப்போவதில்லை. ஒரே ஒரு உதவி செய்யுங்கள். உங்கள் சட்டை இப்போது எந்த ஆணியில் தொங்குகிறது என்று மட்டும் எழுந்து போய்ப் பாருங்கள்.