தண்ணீர் டப்பாவுக்குப் பிடித்த பேய்

காரைக்குடியில் ஸ்கேன் எடுக்கும் இடத்தில் ஐந்து பேர் வரிசை. எதிர்ச்சாரியில், ஸ்கேன் படத்தைப் பார்த்துக் குறி சொல்லும் பிலிம் சாமியிடம் ஐம்பது பேர். டாக்டர் படத்தைப் பார்த்தால் நோய்தான் தெரியும். சாமி பார்த்தால் நோயை ஏவியவன் பெயரே தெரியுமாம். கூட்டம் எங்கே போகும், சொல்லுங்கள்?

சாமியின் முறை எளிது. வலிக்கிற இடத்திலேயே ஈயம் அடைத்த செப்புத் தாயத்தைக் கட்டுவார். "ஸ்கேன்ல கழட்டச் சொல்வாக. கழட்டுனா ரத்தம் கக்குவ." பிறகு வரும் படத்தில் வெள்ளைக் கோடுகள் நாலாபக்கமும் சீறும். "பாத்தியா, விரலை விரிக்குது!" என்பார். அடுத்தது பரிகாரம். தாயத்துக் கட்டாதவர்கள் படத்தில் மட்டும் பேய் வருவதே இல்லை. அதற்கு என்ன கூச்சமோ!

ஆத்தங்குடியில் தரைக்கல் செய்யும் முத்தரசுவுக்கு விலாவோரம் உயிர் போகிற வலி. "கல் அடைத்திருந்தால் சிறுநீரகமே போய்விடும், தாமதிக்காதே" என்றார் டாக்டர். படத்திலோ வெறும் கோடுகள். சாமி கட்டிய தாயத்தைக் கழற்ற முத்தரசு சம்மதிக்கவில்லை. அவன் மனைவி ராக்காயி, ஸ்கேன் எடுக்கும் ஆன் மேரியிடம் வந்து அழுதாள்.

"அக்கா, எந்திரம் சுத்திச் சுத்தி நிழல்தான் பிடிக்குது. எல்லா நிழலையும் கூட்டி கம்ப்யூட்டர் உள்ள இருக்கிறதை வரையுது. ஈயம் குறுக்க நின்னா கதிர் போகாது. அங்க என்ன இருக்குன்னு தெரியாம கோடு கோடா இழுத்துப்புடும்" என்றாள் ஆன் மேரி.

"அப்ப பேயி?"

"நீங்க கட்டி விட்டதுதான்."

ராக்காயி கண்ணைத் துடைத்தாள். நேரே சாமியிடம் போய், நாத்தனாருக்கு என்று இன்னொரு தாயத்து வாங்கி வந்தாள்.

எந்திரம் சரியாக இருக்கிறதா என்று தினமும் காலையில் ஒரு தண்ணீர் டப்பாவைப் படுக்கவைத்துப் படம் எடுப்பது ஆன் மேரியின் வேலை. அன்று முதலில் வெறும் டப்பா, பிறகு தாயத்துக் கட்டிய டப்பா.

இரண்டாவது படத்தை ராக்காயி சாமியிடம் நீட்டினாள். "எங்க நாத்தனா கருப்பி, சாமி."

சாமி கண்ணை மூடித் திறந்தார். "மாமியா வழிச் செய்வினை. ரெண்டு பேயி. குடலைத் தின்னுக்கிட்டு இருக்கு."

ஆன் மேரி டப்பாவைக் கொண்டுவந்து ஐம்பது பேருக்கும் நடுவில் வைத்தாள். பக்கத்தில் கோடே இல்லாத முதல் படம்.

"இதான், சாமி, கருப்பி. உள்ள வெறுந்தண்ணி. குடல் எங்குட்டு இருக்குன்னு காட்டுங்க!" என்றாள் ராக்காயி.

சாமிக்குத் திடீரென்று பூஜை நேரம் வந்துவிட்டது. கூட்டத்தில் ஒருவர், "தண்ணிக்கே செய்வினை வச்ச படுபாவி யாரு?" என்று கேட்டார். அவரை என்ன செய்வது?

கூட்டத்தோரம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்ற முத்தரசு, தாயத்தைத் தானே அறுத்தான். கொஞ்சம் காத்திருந்தான். ரத்தம் வரவில்லை. மறுபடி எடுத்த படத்தில் புளியங்கொட்டை போலக் கல் தெரிந்தது. அன்றைக்கே கல்லை எடுத்தார்கள். சிறுநீரகம் பிழைத்தது.

தலையை ஸ்கேன் செய்தால் மூளை இருப்பது தெரியும். அதைப் பயன்படுத்துகிறோமா என்று காட்ட எந்த எந்திரமும் வரப்போவதில்லை. அதை நாமேதான் சோதித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்.